மிளகுக் கிடங்கில் ஒரு சிறைக்கூடம்: தரங்கம்பாடிக் கோட்டையின் வரலாறு

கோவில்களின் வரலாற்றை நாம் விரும்பி எழுதுகிறோம். அரண்மனைகளின் வரலாற்றை அரசர்களே எழுதுவித்தார்கள். வணிகம் நடந்த கட்டடங்களுக்கோ வரலாறு எழுதுவார் குறைவு. சரக்கு வந்து இறங்கியது, எடை போடப்பட்டது, கணக்கு எழுதப்பட்டது. இதற்கு மேல் அங்கே சொல்ல என்ன இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். ஆயினும் ஒரு சமுதாயம் எதைப் போற்றியது, எவரை மறந்தது என்பதைக் கோபுரங்களைக் காட்டிலும் கிடங்குகளே தெளிவாகக் காட்டுகின்றன.

நெய்வேலியில் வாழும் நமக்கு இது அந்நியமான செய்தியன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் பதிவு செய்யப்பட்ட ஒரு நிறுவனத்தைச் சுற்றி எழுந்தது நமது நகரியம். 1957ஆம் ஆண்டு மே மாதம் தலைமையமைச்சர் நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நாம் குடியிருக்கும் வட்டங்களும், நடக்கும் சாலைகளும், நம் பிள்ளைகள் பயின்ற பள்ளிகளும் மண்ணுக்கு அடியில் கிடந்த ஒரு சரக்கினால் உண்டானவை. ஒரு சரக்கையும் ஒரு நிறுவனத்தையும் நம்பி ஓர் ஊர் எழுவது தமிழகக் கடற்கரையில் பழைய வழக்கம். அத்தகைய ஊர்களுள் ஒன்று நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. சிதம்பரம், சீர்காழி வழியாகச் சென்று ஒரே நாளில் பார்த்துத் திரும்பிவிடலாம். அதுவே தரங்கம்பாடி. அங்குள்ள டேனியர் கோட்டையைப் பற்றி ஈண்டுச் சிந்திப்போம்.

மிளகு தேடி வந்தவர்கள்

டேனியர் வருமுன்னரே தரங்கம்பாடி கடல் வணிகம் அறிந்த ஊர். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோவில் அங்குக் கடலோரத்தில் நிற்கிறது. அதன் கல்வெட்டில் இவ்வூர் சடங்கன்பாடி என்று குறிக்கப்படுகிறது. அலைகள் அக்கோவிலின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன.

1616ஆம் ஆண்டு டென்மார்க்கின் அரசர் நான்காம் கிறிஸ்டியான் கீழ்த்திசை வணிகத்திற்கென ஒரு கும்பினிக்கு உரிமைப் பட்டயம் வழங்கினார். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மிளகினால் ஈட்டிய செல்வம் அவரது கண்ணை ஈர்த்தது. 1618ஆம் ஆண்டின் இறுதியில் ஓவே ஜெட்டே என்னும் இளைஞரின் தலைமையில் கப்பல்கள் கோப்பன்ஹேகனை விட்டுப் புறப்பட்டன. வயது இருபதுகளின் நடுவே இருந்த அவர் முதலில் நாடியது இலங்கையை. கண்டி மன்னரோடு உடன்பாடு செய்யலாம் என்ற நம்பிக்கையோடு வந்தவருக்கு அங்கு ஏமாற்றமே காத்திருந்தது.

கதவைத் திறந்துவிட்டது ஒரு விபத்து எனலாம். முன்னதாக வந்து சேர்ந்த ரோலண்ட் கிராப்பே என்பவரின் கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்த்துக்கீசியர் தாக்கி அழித்தனர். தப்பிக் கரையேறிய கிராப்பேயும் சில தோழரும் தஞ்சை நாயக்க மன்னரின் அவையை அடைந்தனர். அப்போது அரசாண்டவர் கலையிலும் கல்வியிலும் பெயர் பெற்ற இரகுநாத நாயக்கர். நாகப்பட்டினத்தில் வேரூன்றியிருந்த போர்த்துக்கீசியருக்கு ஒரு போட்டி ஏற்படுவது அவருக்கும் நலமாகப் பட்டது. 1620ஆம் ஆண்டு நவம்பரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும், மிளகு ஏற்றுமதி செய்யவும் டேனியருக்கு உரிமை கிடைத்தது. ஆண்டுதோறும் நாயக்கருக்குக் கப்பம் செலுத்துவது அவர்கள் கடமையாயிற்று. இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய மடல் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

கோட்டை என்னும் பண்டகசாலை

இவ்வாறு எழுந்ததே டான்ஸ்போர்க் கோட்டை. டேனியரின் கோட்டை என்பது அப்பெயரின் பொருள். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டப்பட்ட கட்டடம். நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள். நடுவே பரந்த முற்றம். கடற்பக்கமாக இரண்டு அடுக்குகளில் முதன்மைக் கட்டடம். அதன் கீழ்த்தளத்தில் வளைவுக் கூரையிட்ட அறைகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. வெயிலின் வெப்பம் எளிதில் உட்புகாத அவ்வறைகளில் சரக்குகள் காக்கப்பட்டன. மேல்தளத்தில் கோட்டைத் தலைவரும் வணிகரும் குருவும் தங்கினார்கள். வழிபாட்டுக்குரிய இடமும் அம்மேல்தளத்திலேயே இருந்தது. முற்றத்தின் ஏனைய பக்கங்களில் படைவீரர் தங்குமிடங்களும் சமையற்கூடமும் கிடங்கும் சிறையும் இருந்தன.

பீரங்கிகளைப் பார்ப்பவர் இதனைப் படைத்தளம் என்றே கருதுவர். உண்மையில் இது ஒரு பண்டகசாலை. சரக்கைக் காப்பதற்காகவே மதில் எழுந்தது. மதிலைக் காப்பதற்காகவே பீரங்கி வந்தது. மிளகும் துணியும் கீழே, மனிதர் மேலே, வழிபாடும் மேலே என்ற அந்த அமைப்பைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஞாயிறுதோறும் சரக்கின்மீது நின்றுகொண்டுதான் அவர்கள் ஆண்டவரைத் தொழுதார்கள்.

இக்கோட்டையின் நிழலில் விற்கப்பட்டவை மிளகும் துணியும் மட்டுமல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையைப் பஞ்சம் வாட்டிய காலங்களில் ஏழை மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றுப் பிழைக்க வேண்டியதாயிற்று. ஐரோப்பியக் கும்பினிகள் அவர்களை விலைக்கு வாங்கிக் கடல் கடத்தின. அவ்வணிகத்தில் தரங்கம்பாடிக்கும் பங்குண்டு. மிளகு மூட்டை ஏறிய அதே கரையில் மனிதரும் ஏற்றப்பட்டனர்.

கப்பல் வராத ஆண்டுகள்

கும்பினியின் செல்வம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஐரோப்பாவில் நடந்த போர்களால் டென்மார்க்கின் கருவூலம் வறண்டது. 1640களின் தொடக்கம் முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம் தாயகத்திலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. 1650ஆம் ஆண்டு கும்பினியே கலைக்கப்பட்டது. கோட்டையிலிருந்த டேனியர் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். இறுதியில் எஞ்சியவர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்னும் எளிய குடிப்பிறப்பினர் ஒருவரே. உள்ளூர் மக்களின் துணையோடு அவர் அக்கோட்டையைக் காத்தார். ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669ஆம் ஆண்டு ஒரு டேனியக் கப்பல் வந்து சேர்ந்தபோது கொடி இன்னும் பறந்துகொண்டிருப்பதைக் கண்டு அதிலிருந்தோர் வியந்தனர்.

ஒரு நிறுவனம் மறைந்த பின்னும் அதைச் சார்ந்து எழுந்த ஊர் வாழ்ந்தது என்பதே இந்நிகழ்ச்சி நமக்குக் கூறும் செய்தி. பங்குதாரர் கைவிட்ட கட்டடத்தை அவ்வூர் மக்கள் கைவிடவில்லை. அடுத்த ஆண்டிலேயே இரண்டாம் கும்பினி அமைந்தது. வணிகம் மறுபடியும் தளிர்த்தது.

ஒரு கைம்பெண்ணின் வழக்கு

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கு, என்றிக் புளுச்சாவ் என்னும் இரு இளம் லூத்தரன் குருக்கள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அவர்களை அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக். கும்பினியாருக்கோ அவர்கள் வருகை உவப்பாயில்லை. உள்நாட்டு மக்களோடு இவர்கள் நெருங்கிப் பழகினால் வணிகத்துக்கு ஊறு நேரும் என்று அஞ்சினர். அவ்வச்சம் காரணமற்றதன்று. 1707ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இப்பணியாளரிடம் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் டேனியரின் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்களே. விலைக்கு வாங்கப்பட்டவரைச் சகோதரர் என்று அழைக்கத் தொடங்கினால் கணக்குப் புத்தகம் குழம்பத்தானே செய்யும்?

அடுத்த ஆண்டில் ஒரு வழக்கு எழுந்தது. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற கடன் தொடர்பாக அவருடைய மனைவிக்கும், கும்பினியில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஒருவருக்கும் பிணக்கு மூண்டது. ஒருபுறம் ஆதரவற்ற தமிழ்க் கைம்பெண். மறுபுறம் கும்பினியின் ஊழியர். தமக்கு நீதி கிடைக்கவில்லை என்று அப்பெண் சீகன்பால்குவிடம் முறையிட்டார். அவர் கோட்டைத் தலைவர் ஹாசியுஸிடம் மீண்டும் மீண்டும் பரிந்து பேசினார். டேனியரின் கோவிலில் ஹாசியுஸின் முன் மண்டியிட்டு முறையிடும்படியும் அப்பெண்ணுக்கு அறிவுரை கூறினார்.

இதனைக் கோட்டைத் தலைவர் தம் அதிகாரத்துக்கு விடுத்த அறைகூவலாகக் கருதினார். சீகன்பால்கு தம்முன் வர வேண்டுமென்று ஆணையிட்டார். எழுத்து வடிவில் அழைப்பு வராமல் வர இயலாது என்று அவர் மறுத்தார். 1708ஆம் ஆண்டு நவம்பரில் அவரைக் கைது செய்து, கோட்டைக்குள் சிறை வைத்தனர். நான்கு மாதங்கள் அவர் அங்கே அடைபட்டுக் கிடந்தார். மிளகு காத்த மதில்கள் இப்போது ஒரு நற்செய்திப் பணியாளரைக் காத்தன!

நாளைக் கவனிக்க வேண்டும். 1708 அக்டோபர் 17ஆம் நாள்தான் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருந்தார். தொடங்கி ஒரு மாதம் கழிந்த நிலையில் அப்பணி நின்றது. 1709 மார்ச்சில் விடுதலை பெற்றவர் மறுபடியும் எழுதுகோலை எடுத்தார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு நிறைவுற்றது. 1714, 1715ஆம் ஆண்டுகளில் அது தரங்கம்பாடி அச்சகத்திலேயே அச்சேறியது. ஜெர்மனியிலுள்ள ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்தமையால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். பாலாடைக்கட்டிகளைப் பொதிந்து வந்த ஈயத்தை உருக்கி அவ்வெழுத்துகள் செய்யப்பட்டன. அருகிலுள்ள பொறையாரில் காகித ஆலை ஒன்றும் எழுந்தது. விலங்கு பூண்ட பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் மடலில் நற்செய்தியின் சுதந்திரத்தைப் பற்றிக் கூறுவதை அறிந்தவர்களுக்கு இந்நிகழ்ச்சி விளக்கம் வேண்டாதது.

நம்மவர் எப்பக்கம் நின்றனர்?

இவ்வரலாற்றைக் கத்தோலிக்கராகிய நாம் படிக்கும்போது ஒரு செய்தி நம்மை நெருடாமல் இராது. அந்தக் கைம்பெண்ணுக்கு எதிராக நின்ற மொழிபெயர்ப்பாளர் ஒரு கத்தோலிக்கர். நம்மவர் கும்பினியின் செல்வாக்கோடு நின்றார். பிரிந்த சகோதரர் ஒருவர் கைம்பெண்ணோடு நின்றார். வழக்கின் நியாயம் முழுவதும் எப்பக்கம் இருந்தது என்று தீர்ப்பளிக்க நாம் முற்படவில்லை. ஆனால் எளியவரின் குரல் எழும்பியபோது அதற்குச் செவிசாய்த்தவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், நேர்மையற்ற நடுவரை விடாமல் நச்சரிக்கும் கைம்பெண்ணை இயேசு நமக்கு முன் நிறுத்துகிறார். அவ்வுவமையில் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று கேட்டுக்கொள்வது திருச்சபைப் பிரிவுகளைக் கடந்த கடமை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சீகன்பால்கு தமிழ்க் கிறிஸ்தவத்தை வெறுந்தரையில் எழுப்பவில்லை. அவருக்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1578இல், இயேசு சபைக் குரு அண்ட்ரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழில் அச்சாகிவிட்டது. 1708ஆம் ஆண்டு சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் கத்தோலிக்க நூல்களும் இடம்பெற்றுள்ளன. இறைவனைக் குறிக்க நம் முன்னோர் வழங்கிய ‘சர்வேசுரன்’ என்னும் சொல்லையே அவரும் எடுத்தாண்டார். ஆக, சிறையிலடைபட்ட அந்த மொழிபெயர்ப்பாளரின் மையில் நம் மறைப்பணியாளரின் உழைப்பும் கலந்திருந்தது.

பின்னர் வந்த தலைமுறையில் இரு சாராருக்கும் இடையே சொற்போர் மூண்டது. ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர் தரங்கம்பாடியாரை மறுத்து ‘வேத விளக்கம்’, ‘பேதகமறுத்தல்’ முதலிய நூல்களை எழுதினார். தமிழ் உரைநடைக்கு அவை வளம் சேர்த்தன. ஆனால் சகோதரருக்கிடையே சுவரும் எழுப்பின. அச்சுவர் இறங்க நெடுங்காலமாயிற்று. 1964ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. 1995ஆம் ஆண்டு கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் இணைந்து உழைத்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு நம் கைகளுக்கு வந்தது. 1999 அக்டோபர் 31ஆம் நாள், இறைவனுக்கு ஏற்புடையவராதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்டன. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் லூத்தரன் சபையினரோடு இணைந்து மன்றாடினார். திருப்பலியில் நாம் இன்று செவிமடுக்கும் தமிழ் வாசகத்துக்குப் பின்னால் இருக்கும் நீண்ட உழைப்பில் தரங்கம்பாடிச் சிறைக்கூடத்துக்கும் ஓர் இடம் உண்டு.

விலை போன கோட்டை

இரண்டாம் கும்பினி 1729இல் முடிவுற்றது. 1732இல் ஆசியக் கும்பினி என்ற புதிய அமைப்பு வந்தது. 1777இல் டென்மார்க் அரசே தரங்கம்பாடியை நேரடியாக ஏற்றுக்கொண்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆளுநரும் கோட்டையை விட்டு எதிரேயுள்ள மாளிகைக்குக் குடிபெயர்ந்தார். ஐரோப்பியப் போர்களின் விளைவாக ஆங்கிலேயர் 1801இலும் 1808இலும் ஊரைக் கைப்பற்றினர். 1815இல் அது திரும்பக் கிடைத்தபோது வணிகம் குன்றிப்போயிருந்தது. ஆங்கில இயந்திர ஆலைகளின் துணிக்கு முன் நம் நெசவாளரின் துணிக்கு விலையில்லாது போயிற்று. 1845ஆம் ஆண்டு தரங்கம்பாடியும் வங்காளத்திலுள்ள செராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கும்பினிக்கு விற்கப்பட்டன.

அதன்பின் சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாக இருக்கும் பேறு அவ்வூருக்கு வாய்த்தது. 1861இல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தபின் சரக்கெல்லாம் அங்கே சென்றுவிட்டது. கோட்டை பயணியர் விடுதியாயிற்று. 1970களின் இறுதியில் தமிழ்நாடு தொல்லியல் துறை அதனைப் பாதுகாப்பில் எடுத்து அருங்காட்சியகம் அமைத்தது. அண்மைக் காலத்தில் டென்மார்க்கின் தரங்கம்பாடிச் சங்கத்தினரும் சீரமைப்புக்குத் துணைநின்றனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அவ்வூர் மீனவ மக்களின் உயிர்களையும் இல்லங்களையும் வாரிச் சென்றது. கோட்டை நின்றது, அதைச் சுற்றி வாழ்ந்த எளியவரே வீழ்ந்தனர்.

களஞ்சியத்தில் எஞ்சுவது எது?

லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்ட எண்ணிய செல்வனின் உவமையை நாம் அறிவோம். களஞ்சியம் கட்டுவதை இயேசு குற்றமாகக் கூறவில்லை. தானியமும் களஞ்சியமும் இருந்த அந்த மனிதனின் சிந்தையில் வேறெவரும் இல்லை என்பதே குற்றம். தரங்கம்பாடிக் கோட்டைக்கும் இவ்வுவமை பொருந்தும். பன்னிரு தலைமுறைக்கு முன் அங்கே குவிந்த மிளகில் ஒரு மணியும் இன்றில்லை. பங்குதாரர் பெற்ற ஆதாயம் எங்கே போயிற்று என்று அறிவாரில்லை. எஞ்சியிருப்பவை இரண்டு: ஒரு கைம்பெண்ணின் முறையீடு, அதற்காகச் சிறைப்பட்டவர் விட்டுச்சென்ற எழுத்து. அப்பெண்ணின் பெயரை வரலாறு எங்கும் எடுத்துரைக்கவில்லை. ஆயினும் அவர் இல்லாமல் அக்கோட்டையின் வரலாற்றை எழுத முடியாது.

நமது நகரியமும் ஒரு காலத்தில் மரபுச் சின்னமாகும். நிலக்கரி வற்றாத ஊற்றன்று. வரும் தலைமுறையினர் இங்கு வந்து இராட்சத இயந்திரங்களின் படங்களைப் பார்த்து வியப்பார்கள். வெட்டி எடுத்த டன் கணக்கையும் உற்பத்தியான மின்சாரத்தின் அளவையும் அவர்கள் நிறுவனப் பதிவேடுகளில் எளிதாகக் காண்பார்கள். ஆனால் சுரங்கத்திற்காக நிலம் கொடுத்து வெளியேறிய ஊர்களின் பெயர்களையும், அவ்வூர்க் கோவில்களும் குளங்களும் இருந்த இடங்களையும், ஒப்பந்தக் கூலிகளாக உழைத்து மறைந்தவர்களையும் யார் சொல்வார்? அப்பதிவேடுகளில் இவற்றுக்கு உரிய இடம் கிடைப்பது அரிது.

இதைச் செய்யத் தக்கவர்கள் பொதுநிலையினரே என்று நாம் கருதுகிறோம். நிலமிழந்த குடும்பங்களின் முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் நினைவில் உள்ள ஊர்ப் பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் அன்பியக் கூட்டங்களில் கேட்டு எழுதி வைப்பது அரிய செயலன்று. ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையுமே போதும். பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்குச் சுற்றுலா அழைத்துச் செல்வோர் பீரங்கிகளைக் காட்டுவதோடு நின்றுவிட வேண்டாம். அந்தச் சிறைக்கூடத்தின் முன் சற்று நின்று, முடிதிருத்துவோர் குடும்பத்துக் கைம்பெண் ஒருவரின் வழக்கையும் சொல்லுங்கள். நம் வாயிலில் அத்தகைய ஒருவர் வந்து நிற்கும்போது அவரை அடையாளம் கண்டுகொள்ள அது அவர்களுக்கு உதவும்.